தோற்கும் பயிற்சியாளரும் பிளவுபடும் ஆதரவாளரும்: சென்னையின் எஃப்சி கழகம் (2018–2019) – அருப்புக்கோட்டை, திருச்சுழி வறட்புலப் பார்வையில் ஒரு வரலாற்றாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2018 மார்ச் மாதத்தில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி கால்பந்துக் கழகம், அடுத்த பருவத்திலேயே பத்து அணிகளுள் பத்தாவது இடத்திற்கு இறங்கியது. கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் ஜான் கிரிகோரியே இந்தத் தோல்விக்கும் தலைமை வகித்தார். அவரைத் தொடரவிடுவதா, மாற்றுவதா என்ற வினா ஆதரவாளரை இரு தரப்பாக்கியது. பற்றுடையோர், பற்றற்றோர் என்று இப்பிளவைப் பிரிப்பது பொருந்தாது என இக்கட்டுரை வாதிடுகிறது. ஒருவர்பால் கொண்ட நன்றிக்கும் கழகத்தின்பால் கொண்ட கடப்பாட்டிற்கும் இடையில் எழுந்த முரணே அதன் அடிப்படை. தோல்வியை அளக்கும் முறை குறித்து மானாவாரி வேளாண்மையின் பட்டறிவு தரும் அளவுகோலும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கால்பந்து வரலாறு, ஆதரவாளர் பண்பாடு, சென்னையின் எஃப்சி, ஜான் கிரிகோரி, மானாவாரி, அருப்புக்கோட்டை, திருச்சுழி.

1. முன்னுரை

தமிழில் விளையாட்டு வரலாறு குறித்த ஆய்வுகள் இன்னும் போதிய அளவில் வளரவில்லை. சல்லிக்கட்டு, கபடி, சிலம்பம் ஆகியன பண்பாட்டு ஆய்வின் எல்லைக்குள் வந்துள்ளன. கால்பந்து பெரும்பாலும் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தோடு நின்றுவிட்டது. எழுதப்பட்டவையும் வீரர்களையும் வெற்றிகளையுமே பேசுகின்றன. பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருப்பவர் வரலாற்றுக்குள் வருவதில்லை. ஓர் அணி தோற்கும்போது அவரே முதன்மையான சான்றாளர் ஆகிறார். வெல்லும் அணியின் ஆதரவாளர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. தோற்கும் அணியின் ஆதரவாளரோ, தம் பற்று எதன்மீது வைக்கப்பட்டது என்பதைத் தமக்கே விளக்கிக்கொள்ள வேண்டியவராகிறார்.

இக்கட்டுரையாளர் அருப்புக்கோட்டை வட்டாரத்தைச் சேர்ந்தவர். சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்திலிருந்து இவ்வூர் ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்குள்ள ஆதரவாளர் நுழைவுச்சீட்டு வாங்கி மாடத்தில் அமர்பவர் அல்லர். தொலைக்காட்சி வழியாக அணியைப் பின்தொடர்பவர். இத்தொலைவு ஒரு குறைபாடுதான் எனினும், ஆய்வுக்கு அதில் ஒரு பயன் உண்டு. மாடத்தின் ஆரவாரத்திலிருந்து விலகி நின்று, இரு தரப்பின் வாதங்களையும் ஒரே தட்டில் வைத்து நோக்க அது இடந்தருகிறது.

2. வறட்புலமும் கால்பந்தும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி ஆகிய வட்டங்கள் வானம் பார்த்த நிலங்கள். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். கண்மாய்ப் பாசனம் உள்ள இடங்களில் நெல்லும், மற்ற கரிசல், செவல் நிலங்களில் சோளம், கம்பு, பருத்தி, பயறு வகைகளும் விளைகின்றன. அருப்புக்கோட்டை நகரம் நெசவாலும் நூற்பாலைகளாலும் வளர்ந்தது. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்நிலத்திற்கும் கால்பந்துக்கும் தொடர்பே இல்லை என்று கருதுவது பிழை. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில், பாடத்தைவிடக் கால்பந்து, மற்போர், நீச்சல் ஆகியவற்றில் நாட்டம் மிக்கவராக இருந்தார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. 1896இல் திருவண்ணாமலைக்குச் சென்று பின்னர் இரமண மகரிஷி என அறியப்பட்டவர் அவரே. ஆன்மிக வரலாற்றில் இது ஒரு சிறு செய்தி. விளையாட்டு வரலாற்றாளருக்கோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் படித்த திருச்சுழிச் சிறுவன் ஒருவனின் அன்றாட வாழ்வில் கால்பந்து இடம்பெற்றிருந்தது என்பதற்கான சான்று.

அண்மைக்காலச் சான்று இன்னும் வலுவானது. காரியாபட்டி அருகிலுள்ள சேது பொறியியல் கல்லூரியோடு தொடர்புடைய சேது எஃப்சி மகளிர் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் நடைபெற்ற இந்திய மகளிர் லீக் இறுதிப்போட்டியில் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என வென்று கோப்பையைப் பெற்றது. சென்னையின் எஃப்சி ஆடவர் அணி கடைசி இடத்தில் நின்ற அதே பருவத்தில்தான் இவ்வெற்றி நிகழ்ந்தது. தலைநகரின் அணி ஏன் தோற்றது என்று பேசப்பட்ட அளவுக்கு, வறட்புலத்தோடு தொடர்புடைய அணி எவ்வாறு வென்றது என்பது பேசப்படவில்லை. எந்தத் தோல்வி விவாதத்திற்குரியது என்பதையே ஊடக வெளிச்சம் தீர்மானிக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

3. வெற்றியிலிருந்து கடைசி இடம் வரை

இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியது. அபிஷேக் பச்சன், விடா டானி, மகேந்திர சிங் தோனி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்டு சென்னையின் எஃப்சி அதே ஆண்டில் உருவாயிற்று. இத்தாலிய வீரர் மார்கோ மாத்தராஸி முதல் பயிற்சியாளர். 2015 பருவத்தின் நடுப்பகுதியில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. பின்னர்த் தொடர் வெற்றிகளால் அரையிறுதிக்கு உயர்ந்தது. சென்னைப் பெருவெள்ளத்தால் சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில், ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த இரு கோல்களால் எஃப்சி கோவாவை 3–2 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பொறுத்திருந்தால் பலன் உண்டு என்னும் நம்பிக்கை இக்கழகத்தின் ஆதரவாளர் நினைவில் பதிந்தது இந்நிகழ்வால்தான் எனலாம். அடுத்த ஆண்டு அணி எட்டு அணிகளுள் ஏழாம் இடம் பெற்றது. 2017இல் மாத்தராஸி விலகினார். எனவே அந்நினைவுக்கு மறுபக்கமும் இருந்தது.

2017இல் ஜான் கிரிகோரி பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணிக்கு 1998 முதல் 2002 வரை பயிற்சியளித்தவர் அவர். முதல் பருவத்திலேயே அணி அட்டவணையில் இரண்டாம் இடம் பிடித்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடைபெற்ற இறுதிப்போட்டியில் பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த மண்ணிலேயே 3–2 என வென்றது. மைல்சன் ஆல்வெஸ் இரு கோல்களும், ரபேல் அகுஸ்தோ ஒரு கோலும் அடித்தனர்.

2018–19 பருவம் செப்டம்பர் 30 அன்று அதே அரங்கில், அதே எதிரணியிடம் பெற்ற 0–1 தோல்வியோடு தொடங்கியது. அடுத்து எஃப்சி கோவாவிடம் 1–3. நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியிடம் முன்னிலையைக் கோட்டைவிட்டு 3–4. முதல் வெற்றி நவம்பரில் புனேயில்தான் கிட்டியது. இரண்டாம் வெற்றி 2019 பிப்ரவரியில், வியப்புக்குரிய வகையில், அப்போது முன்னணியிலிருந்த பெங்களூரு அணிக்கு எதிராகக் கிடைத்தது. ஆக மொத்தம் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி, புள்ளிகள் 9.

ஆயினும் கிரிகோரி நீக்கப்படவில்லை. 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பைப் போட்டியின் இறுதி வரை சென்ற அணி, எஃப்சி கோவாவிடம் 1–2 எனத் தோற்றது. ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையில் கொழும்பு எஃப்சியை வென்று குழுச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அவ்வாட்டங்களைச் சொந்த மண்ணில் ஆடாமல் அகமதாபாத்தில் ஆடியதால், மீண்டு வந்த அணியைச் சென்னை ஆதரவாளர் நேரில் காணும் வாய்ப்பு அமையவில்லை. 2019–20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் ஐதராபாத் அணியைக் கூடுதல் நேரக் கோல்களால் 2–1 என வென்றது. ஆறாம் ஆட்டத்தில் ஒடிசாவோடு 2–2 எனச் சமன் செய்தது. நவம்பர் 30 அன்று கிரிகோரி பொறுப்பிலிருந்து விலகினார்.

4. இரு தரப்பின் வாதங்கள்

இந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் ஆதரவாளரிடையே நிலவிய கருத்துகளைத் தொகுத்து நோக்கினால் இரு தெளிவான நிலைப்பாடுகள் தெரிகின்றன.

முதல் நிலைப்பாடு, தொடரவிட வேண்டும் என்பது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, நன்றி: கோப்பையை வென்று தந்தவரை ஒரு பருவத் தோல்விக்காக அனுப்புவது முறையன்று. இரண்டு, சூழல்: கோப்பை வென்ற அணியின் தலைவர் என்றிக் செரினோ விலகிவிட்டார், சென்னையைச் சேர்ந்த நடுக்கள வீரர் தன்பால் கணேஷ் காயத்தால் பருவம் முழுவதையும் இழந்தார். கைப்பொருள் குறைந்தவரிடம் முன்னைய விளைச்சலை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மூன்று, முன்னிகழ்வு: 2015இல் அடியிலிருந்த அணிதான் கோப்பையை வென்றது.

இரண்டாம் நிலைப்பாடு, மாற்ற வேண்டும் என்பது. இதற்கும் மூன்று காரணங்கள். ஒன்று, நன்றிக்குரிய செயலுக்கு நன்றி ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது. பதவி என்பது பரிசு அன்று. இரண்டு, வீரர் இழப்பு எல்லா அணிகளுக்கும் நேர்வதே. மாற்று வீரரைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியாளரின் பொறுப்பே. மூன்று, 13 தோல்வி என்பது தற்செயலின் எல்லையைக் கடந்தது.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே அன்பிலிருந்து எழுந்தவை என்பது நோக்கத்தக்கது. மாற்றம் கோரியவர் அணியை வெறுத்தவர் அல்லர். தொடரச் சொன்னவர் தோல்வியை விரும்பியவரும் அல்லர். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், நிறுவனம் ஒன்று சரியும்போது அதைச் சார்ந்தோர்க்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் ஆகிய இரு வழிகள் உள்ளன என்றும், பற்று என்பது இவ்விரண்டுக்கும் இடையிலான தேர்வைப் பாதிக்கிறது என்றும் விளக்கினார். பற்று மிகுந்தவர் வெளியேறத் தயங்குவர். அதனாலேயே அவர் குரல் உரத்து ஒலிக்கும். கால்பந்து ஆதரவாளருக்கு இக்கருத்து நன்கு பொருந்தும். துணிக்கடையை மாற்றுவதுபோல் அவர் அணியை மாற்றுவதில்லை. வெளியேறும் வழி அடைபட்டிருப்பதால், எஞ்சியது குரல் மட்டுமே. அக்குரல் எத்திசையில் ஒலிக்க வேண்டும் என்பதில்தான் பிளவு தோன்றுகிறது.

5. ஆள்பற்றும் கழகப்பற்றும்

தமிழகச் சூழலில் இப்பிளவுக்குத் தனித்ததொரு வரலாற்றுப் பின்னணி உண்டு. ‘ரசிகர்’ என்னும் சொல் இங்கே திரைப்படத்தின் வழியாகப் பொருள் பெற்றது. எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்கள் 1972இல் தோன்றிய அ.தி.மு.க.வின் அடித்தளமாயின. 1977இல் அவர் முதலமைச்சரானபோது வென்ற தொகுதி அருப்புக்கோட்டையே. 1980 சனவரி மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி தமிழகத்தில் இரண்டே இடங்களை வென்றது. அவற்றுள் ஒன்று அண்டையிலுள்ள சிவகாசி. பிப்ரவரியில் ஆட்சி கலைக்கப்பட்டது. சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். அத்தேர்தலில் அவர் நின்ற தொகுதி மதுரை மேற்கு.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்றோரின் ஆய்வுகள் காட்டுவதுபோல், இத்தகைய பற்றின் மையம் ஒரு தனிமனிதரின் பிம்பம். தலைவர் தோற்றால் தொண்டர் அவரை மாற்றக் கோருவதில்லை. தோல்விக்கான காரணத்தை வேறிடத்தில் தேடுவார். தலைவரை நீக்கினால் அமைப்பே இல்லை என்பதால் இது இயல்பானதே. இதனை இக்கட்டுரை ஆள்பற்று எனக் குறிக்கிறது.

கால்பந்துக் கழகத்தின் இலக்கணம் வேறு. வீரர், பயிற்சியாளர், உரிமையாளர் என அனைவரும் மாறுவர். பெயரும் நிறமும் மாடமும் மட்டுமே தொடர்வன. இங்குப் பற்றின் மையம் தனிமனிதர் அல்லர். இது கழகப்பற்று. ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ ஆகிய சென்னை ஆதரவாளர் குழுக்களின் பெயர்களை நோக்கினால் இவ்வேறுபாடு புலனாகும். முதலாவது பெயர் அவர்கள் அமரும் மாடத்தையும் அணியும் நிறத்தையும் சொல்கிறது. இரண்டாவது உறவுமுறையைச் சொல்கிறது. இரண்டிலும் நட்சத்திரம் ஒருவரின் பெயர் இல்லை. ரசிகர் மன்றப் பெயர்களோடு ஒப்பிட்டால் இது ஒரு புதிய போக்கு.

நான்கைந்து பருவ வரலாறே உடைய ஒரு கழகத்தில், கழகம் வேறு, கோப்பை தந்தவர் வேறு எனப் பிரித்தறிவது எளிதன்று. நூறாண்டுப் பழமையுள்ள கழகத்திற்கு ஒரு பயிற்சியாளர் நீண்ட நூலின் ஓர் அத்தியாயம். 2014இல் பிறந்த கழகத்திற்கோ அவரே பாதி நூல். எனவே கிரிகோரியை அனுப்புவது தம் அணியின் நினைவையே அழிப்பது போன்ற உணர்வைச் சிலருக்குத் தந்திருத்தல் கூடும். 2018–19இன் பிளவை ஆள்பற்றிலிருந்து கழகப்பற்றுக்கு நகரும் இடைக்காலத்தின் வலி எனக் கொள்வதே பொருத்தம்.

6. அயலகச் சான்றுகள்

பொறுமைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் பெயர் அலெக்ஸ் பெர்குசன். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் பொறுப்பேற்ற அவர், மூன்றாண்டுகள் கோப்பை ஏதும் வெல்லவில்லை. 1989 டிசம்பரில் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கில், அவர் விடைபெற வேண்டும் என்று கோரும் பதாகை உயர்த்தப்பட்டது. 1990இல் அணி எஃப்ஏ கோப்பையை வென்றது. 2013இல் ஓய்வு பெறுவதற்குள் அவர் 13 லீக் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். இச்சான்றில் ஒரு தருக்கப் பிழை மறைந்துள்ளது. பொறுத்திருந்தும் பலன் கிடைக்காத கழகங்களின் கதையை எவரும் மேற்கோளாக்குவதில்லை. எஞ்சியவரை மட்டும் எண்ணிப் பொதுவிதி வகுத்தல் ஆய்வாகாது.

மாற்றத்திற்கு ஆதரவாக ஆர்சென் வெங்கரின் இறுதி ஆண்டுகள் சுட்டப்படும். ஆர்சனல் கழகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய அவர், 2018 ஏப்ரலில் தம் விலகலை அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு எதிரான ஆட்டத்தின்போது, அரங்கின்மேல் இரு சிறு விமானங்கள் பறந்தன. ஒன்று அவருக்குப் புதிய ஒப்பந்தம் தரக்கூடாது என்னும் பதாகையை இழுத்துச் சென்றது. மற்றொன்று அவர்மீது நம்பிக்கை தெரிவிக்கும் பதாகையை ஏந்திச் சென்றது. அவ்வாட்டத்தில் ஆர்சனல் 1–3 எனத் தோற்றது. ஒரே கழகத்தின் ஆதரவாளர் தம் கருத்து வேறுபாட்டை வானில் எழுதிக் காட்டிய நிகழ்வு இது.

அண்டை மாநிலச் சான்று வேறொரு திசையைக் காட்டுகிறது. 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தொடர்ந்து தோற்றபோது, அதன் ஆதரவாளர் குழுவான ‘மஞ்ஞப்படை’, கழக நிருவாகத்திடமிருந்து நுழைவுச்சீட்டுகளைப் பெறப்போவதில்லை என அறிவித்தது. அவர்கள் சினம் நிருவாகத்தை நோக்கியது. சில நாட்களில் நீக்கப்பட்டவரோ பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரே. ஆதரவாளர் கேட்ட வினா ஒன்று, நிருவாகம் தந்த விடை வேறொன்று. பயிற்சியாளரை மாற்றுவது நிருவாகத்திற்குச் செலவு குறைந்த மறுமொழியாகப் பல நேரங்களில் அமைந்துவிடுகிறது.

7. அதே நிலம், வேறு கை

சென்னையின் எஃப்சி வரலாற்றில் இவ்வினாவைச் சோதித்துப் பார்க்க அரியதொரு வாய்ப்பு அமைந்தது. 2019 டிசம்பரில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் பொறுப்பேற்றார். பருவத்தின் நடுவில் வந்த அவர், பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு அணியை நான்காம் இடத்திற்கு உயர்த்தினார். அரையிறுதியில் எஃப்சி கோவாவை இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6–5 என வென்றார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனாத் தொற்று காரணமாகப் பார்வையாளர் இன்றி நடந்த இறுதிப்போட்டியில் அணி ஏடிகேவிடம் 1–3 எனத் தோற்றது. மாடத்தில் ஓராண்டுக்கும் மேலாக வாதிட்டவர்கள் எவரும் அந்த இறுதிப்போட்டியை நேரில் காண இயலவில்லை.

மேலோட்டமாக நோக்கின், மாற்றம் கோரியவரின் வாதமே வென்றது எனத் தோன்றும். நிலம் அதுவே, விதையும் அதுவே. உழுதவர் மட்டும் வேறு. எனினும் இங்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது, அப்பருவத்தில் அதிகக் கோலடித்தவருக்கான விருது பெற்ற நெரியுஸ் வால்ஸ்கிஸ், நடுக்களத்தை இயக்கிய ரபேல் கிரிவெல்லாரோ ஆகியோர் கிரிகோரியின் காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்பதற்கும் இடமுண்டு. இரண்டாவது, மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள அணி, பயிற்சியாளர் மாறினாலும் மாறாவிட்டாலும் ஓரளவு மேலெழவே செய்யும். நெதர்லாந்து லீக்கை ஆராய்ந்து பாஸ் டெர் வீல் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சியாளர் மாற்றத்தால் அணியின் செயல்திறன் உயர்வதாகத் தெரியவில்லை என்னும் முடிவுக்கே வந்தது.

பிற்கால நிகழ்வு இச்சிக்கலை மேலும் ஆழப்படுத்துகிறது. 2023இல் காயில் மீண்டும் சென்னைக்கு அழைக்கப்பட்டார். 2023–24இல் அணி ஆறாம் இடம் பெற்று பிளே-ஆஃப் சுற்றுக்குச் சென்றது. 2024–25இல் 13 அணிகளுள் 11ஆம் இடத்திற்குச் சரிந்தது. ஒரு காலத்தில் மீட்பராகப் போற்றப்பட்டவரே இப்போது, கிரிகோரி நின்ற இடத்தில் நின்றார். 2025இல் அவரும் விடைபெற்றார். அதே கை, அதே நிலம், வேறு விளைச்சல். 2019–20ஐ மட்டும் சான்றாகக் கொண்டு பயிற்சியாளரின் திறனை அளந்தவர், 2024–25ஐயும் அதே அளவுகோலால் அளக்கக் கடமைப்பட்டவர்.

8. வானம் பார்த்த நிலத்தின் அளவுகோல்

தோல்வியை அளக்கும் முறை குறித்து மானாவாரி உழவரின் பட்டறிவு இங்குத் துணைசெய்கிறது. பருவமழைக்கு முன் உழுது, புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வானத்தை நோக்கியிருப்பவர் அவர். இந்தியன் சூப்பர் லீக் பருவமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தொடங்குவது தற்செயலான ஒற்றுமை. விளைச்சல் பொய்த்த ஆண்டில், திருச்சுழிப் பகுதியில் ஒருவரை அவர் இழப்பைக் கொண்டு மட்டும் எவரும் மதிப்பிடுவதில்லை. கேட்கப்படும் கேள்விகள் வேறு. உழவு காலத்தில் நடந்ததா? விதை தரமானதா? களை எடுக்கப்பட்டதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என விடை வருமாயின், தோல்வி வானத்தைச் சார்ந்தது. இவற்றினும் கூர்மையான நான்காம் கேள்வி ஒன்றுண்டு: அடுத்த புஞ்சையில் என்ன விளைந்தது? அதே மழையில் பக்கத்து நிலம் விளைந்திருக்குமாயின், வானத்தின்மீது பழிபோட இயலாது.

இவ்வளவுகோலைக் கால்பந்துக்குப் பொருத்தினால் இரு தரப்பின் குறைபாடும் விளங்கும். தொடரச் சொன்னவர் நான்காம் கேள்வியைக் கேட்கவில்லை. வீரர் காயமும் விலகலும் பிற அணிகளுக்கும் நேர்ந்தன என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. மாற்றச் சொன்னவர் முதல் மூன்று கேள்விகளைத் தாண்டிச் சென்றனர். விளைச்சலை மட்டும் எண்ணினர். 2019இல் சூப்பர் கோப்பை இறுதியையும் ஆசியப் போட்டியின் குழுச் சுற்றையும் எட்டிய அணியில் உழவு முற்றிலும் நடக்கவில்லை எனக் கூறுதல் அரிது.

இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. மானாவாரி உழவர் தம் நிலத்திற்குத் தாமே பொறுப்பாளர். விளைச்சல் பொய்த்தால் பசியும் கடனும் அவருடையவை. பயிற்சியாளரோ ஒப்பந்தப் பணியாளர். மேலும், அக்காலத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் கடைசி அணியைக் கீழ்த்தொடருக்கு இறக்கும் விதி இல்லை. 9 புள்ளிகள் பெற்ற அணியும் அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து தொடங்கியது. தோல்வியின் விலையை உரிமையாளர் செலுத்தவில்லை. பயிற்சியாளர் பதவியாலும், ஆதரவாளர் மனத்தாலும் செலுத்தினர். முடிவெடுக்கும் அவையில் ஆதரவாளருக்கு இடமில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பங்கு உறுப்பினரிடம் இருக்க வேண்டும் என்னும் விதி உள்ளது. அங்கு ஆதரவாளரின் கருத்து வேறுபாடு கழகத்தின் வாக்கெடுப்பு வரை செல்ல வழியுண்டு. இங்கு அது தேநீர்க்கடையோடு முடிந்துவிடுகிறது.

2025 சூலையில் லீக்கின் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டபோது இது வெளிப்படையாயிற்று. யார் பயிற்சியாளர் என்று வாதிட்டிருந்தவர்களுக்கு, ஆட்டம் நடக்குமா என்பதே ஐயமானது. ஆண்டுக்கணக்கில் ஒருவர் மீது குவிந்திருந்த பார்வை, அமைப்பின்மீது ஒருபோதும் போதிய அளவு திரும்பவில்லை என்பதை அந்நிலை உணர்த்தியது.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. சென்னையின் எஃப்சி ஆதரவாளரிடையே 2018–19இல் எழுந்த பிளவு, நன்றிக்கும் கடப்பாட்டிற்கும் இடையிலான முரண். இரு தரப்பும் பற்றுடையனவே.

2. ரசிகர் மன்ற மரபில் வேரூன்றிய ஆள்பற்று, கால்பந்து வழியாகக் கழகப்பற்றாக மாறிவரும் நிலையை இப்பிளவு காட்டுகிறது. வரலாறு குறைந்த கழகத்தில் இம்மாற்றம் கடினமானது.

3. காயிலின் எழுச்சியும் பிற்காலச் சரிவும், ஒரு பருவ விளைவைக் கொண்டு பயிற்சியாளரின் திறனை முடிவு செய்தல் பொருந்தாது என்பதை மெய்ப்பிக்கின்றன. பெர்குசனின் சான்றும் அவ்வாறே பொதுவிதி ஆகாது.

4. உழவையும் பக்கத்துப் புஞ்சையையும் சேர்த்து நோக்கும் மானாவாரி அளவுகோல், விளைவை மட்டும் எண்ணும் முறையினும் நேர்மையானது.

5. முடிவெடுக்கும் உரிமை இல்லாத ஆதரவாளரின் விவாதம், உரிமையுடையோரின் பொறுப்பை மறைக்கும் திரையாகவும் அமைந்துவிடலாம்.

கால்பந்து ஆதரவாளரின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளது. மாடத்தில் உயர்ந்த பதாகைகளும், பாடல்களும், தேநீர்க்கடை வாதங்களும் ஆவணமாகாமல் மறைகின்றன. அவற்றைத் தொகுக்கும் பணி சென்னையோடு நின்றுவிடாமல், மகளிர் கால்பந்து வேரூன்றிய காரியாபட்டி வரையிலும் விரிய வேண்டும். கடைசி இடம் பெற்ற அணியின் பருவம் பதிவாகும் அளவுக்கு, அதே ஆண்டில் வறட்புலத்தின் அண்மையிலிருந்து சென்று கோப்பை வென்ற அணியின் பருவமும் பதிவாக வேண்டும். அது நிகழும்போதே தமிழகக் கால்பந்தின் வரலாறு முழுமை நோக்கி நகரும்.